வாரத்துக்கு விட்ட நாய்

தீபிகா அக்கா காரை விட்டு இறங்கியதும் என் அம்மா அங்கம்மாள் கேட்ட முதல் கேள்வியே தப்பாகப் போய்விட்டது.

"வாரத்துக்கு உட்ட உருப்படிக்கு எங்கிட்டக் கேக்காம எப்படிங்க அம்மிணி ஆளைக் கூட்டியாந்தீங்க? பாதி எனக்குத்தானுங்களே?"

அக்கா சேலத்தில் தெருநாய்களைக் காப்பாற்றும் அமைப்பு நடத்துகிறாள். நெடுஞ்சாலையில் அடிபட்ட நாயைப் புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டில் விட்டபோது, "கால் சரியாகற வரைக்கும் வளர்த்துக் குடுங்க" என்றாள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒருவர் ஆட்டுக்குட்டியைக் கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், கடைசியில் ஆளுக்குப் பாதி. அதுதான் வாரம்.

காரில் வந்திருந்த கௌதமன் சாருக்கு நாயைத் தத்துக் கொடுப்பதாகப் பேசி முடித்தாயிற்று. கட்டணமும் கட்டிவிட்டார். கையில் புதுக் கழுத்துப்பட்டை வேறு.

அக்காவின் முகம் மாறியது. "நாங்க நாய் விக்கறவங்க இல்லம்மா. அந்தக் காசுலதான் அடுத்த நாய்க்கு ஆபரேஷன். அதுல போய்ப் பங்கு கேக்கறீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. எங்களைப் போன்றவர்கள் வாயைத் திறந்தாலே காசுக்குத்தான் என்று இவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள்.

"கால்ல புழு வெச்சப்ப யாருக்கா எடுத்தது? நீங்களா? எங்கம்மா. அதுக்குக் காசா கேட்டாங்க?"

"நீ சும்மா இரு" என்ற அம்மா அக்காவிடம் திரும்பினாள். "காசு ஆருக்கு வேணும்? பாதி எனக்கு. மீதிப் பாதிக்கு என்னவோ அதை நான் கட்டறேன். வளர்த்தவ வேண்டாம்னாத்தானுங்க வெளியாளு. அதானுங்க மொறை."

நாய் அம்மாவின் காலடியில் படுத்திருந்தது. கௌதமன் சார் பிஸ்கட்டை நீட்டியும் எழவில்லை.

அக்கா ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"காசு இல்லம்மா பிரச்சினை. இங்க காம்பவுண்டு கிடையாது. ரோடு அந்தா தெரியுது. மறுபடி ஓடினா? இந்த ரோட்டுல நான் அள்ளி எடுத்தது கொஞ்சமில்ல."

அவள் சொன்னது நியாயமாக இருந்ததே எனக்கு எரிச்சல்.

அம்மா விடவில்லை. "அப்ப உங்க பாதி உங்களுதாவே இருக்கட்டும். வாரத்துக்கு உட்டவங்க வந்து பாப்பாங்க, எளச்சிருந்தா கேப்பாங்க, புடிக்கலீன்னா ஓட்டிட்டும் போயிருவாங்க. நீங்களும் வாங்க. நான் ஒழுங்கா வெச்சுக்கலீன்னா கூட்டிட்டுப் போயிருங்க."

"சொல்லாம கொள்ளாம வருவேன்."

"வாங்க சாமி. சொல்லிட்டு வந்தா அது விருந்து."

அக்கா அப்போதுதான் சிரித்தாள். கௌதமன் சாரிடம் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள். "பணம் இருக்கட்டும், எனக்கு வேற ஒண்ணு பாருங்க" என்று அவர் கழுத்துப்பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பாவமாகத்தான் இருந்தது.

அம்மா படல் கதவைத் திறந்து, நாயை விடப்போகும் ஆட்டுப்பட்டியைக் காட்டினாள். அக்கா முள்வேலியை அசைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு முழம் ஒசத்தணும்மா. தாண்டிடுவா."

"அப்ப இருந்து ஒரு கை புடிச்சிட்டுப் போங்க" என்று அம்மா முள் வெட்ட அரிவாளைத் தேடப் போனாள்.