ஆர்டிஸின் முதுகு நீரும் ஏழு ஹாட்டிஷும்

ஆர்டிஸின் இடது கண்ணில் சிவப்பு வெளிறியது ஏரி உறையத் தொடங்கிய வாரத்தில். அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் நிறுத்தப் பலகை வலது கண்ணுக்கு ரத்தச் சிவப்பு. இடது கண்ணுக்குப் பலமுறை துவைத்த சட்டை நிறம். கண்ணை உருட்டினால் வலித்தது. பார்வை நரம்பில் அழற்சி என்றார் டாக்டர் நூட்சன். கண்ணோடு நின்றுபோகலாம், இல்லையென்றால் மூளை நரம்புகளை அரிக்கும் எம்.எஸ். என்கிற ஆயுள் வியாதியின் தொடக்கமாக இருக்கலாம். ஸ்கேன் பிடிகொடுக்காததால் முதுகுத்தண்டு நீரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

டுலூத் ஆஸ்பத்திரியில் அவளைச் சுருட்டிப் படுக்கவைத்து ஊசியால் நீரை எடுத்தார்கள். குழாய்களில் அது உருகிய பனிபோலத் தெளிந்திருந்தது. எழுந்தால் தலை பிளந்தது. அதனால் வீட்டு ஜன்னலோரம் மல்லாந்தே கிடந்தாள். பனி கீழிருந்து மேலே போவதாகத் தோன்றியது. தன் முதுகு நீர் ஏரியின் அடியில் எங்கோ ஓடிக்கொண்டிருப்பதாகவும், அதன்மேல் தன் பேருந்து பிள்ளைகளோடு சத்தமில்லாமல் போவதாகவும் கண்டாள்.

எதிர்வீட்டு வெர்னாவுக்குக் கனவெல்லாம் கிடையாது, போன் உண்டு. நோய்வீட்டுக்கு ஓவனில் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒற்றைப் பாத்திரச் சாப்பாடுதான் ஹாட்டிஷ்; எங்கள் தெருவில் நோயின் எடையை அந்தக் கணக்கில்தான் அளப்போம். பித்தப்பைக்கு இரண்டு. ஆர்டிஸுக்கு ஏழு வந்து இறங்கின, உருளை உருண்டை அடுக்கியது, சூரை மீன் நூடுல்ஸ், என்னவென்று யாருக்கும் தெரியாத ஒன்று. பாத்திரங்களின் அடியில் உரிமையாளர் பெயரை எழுதி டேப் ஒட்டியிருந்தது. அனுதாபம் வேறு, பாத்திரம் வேறு.

முதுகு நீரைச் சோதித்ததில் எம்.எஸ்.ஸுக்கு அடையாளமான புரதக் கோடுகள் தெரிவதாக நர்ஸ் போனில் சொல்ல, மத்தியானத்துக்குள் வெர்னா அவள் பெயரைச் சர்ச்சின் ஜெபப் பட்டியலில் ஏற்றிவிட்டாள். கண்ணை மூடினால் ஆர்டிஸுக்குப் பனியில் சக்கரத் தடங்களாக அந்தக் கோடுகள்தாம்.

சாயங்காலம் நூட்சனே கூப்பிட்டார். முதுகு நீரோடு கூடவே எடுக்க வேண்டிய ரத்தத்தை யாரும் எடுக்கவில்லையாம், ஒரு நர்ஸ் இன்னொருத்தி எடுத்திருப்பாள் என்று நினைத்துவிட்டாள்.

"பக்கத்துல வெச்சுப் பாக்க ரத்தம் இல்லாம அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கிடையாது, ஆர்டிஸ். நாளைக்கே வந்து குடுத்துட்டுப் போ."

கொடுத்தாள். அதே கோடுகள் ரத்தத்திலும் இருந்தன.

"அப்ப அது உன் மூளைக்குள்ள உண்டானதில்ல, ரத்தத்துலேர்ந்து வந்தது. ரத்தத்துல ஏன் வந்துச்சுன்னு தேடணும். சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா இது எம்.எஸ். பக்கம் சாயல."

ஆர்டிஸ் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள், படுத்தபடியே. கண்ணீர் காதுக்குள் போனது.

செய்தி கேட்ட வெர்னாவின் முகத்தில் சந்தோஷத்துக்கு முன்னால் வேறு ஏதோ வந்து போனதாகத் தெரு பேசிக்கொண்டது. பாத்திரங்களைத் திரும்ப எடுத்துப்போக அவளே வந்து நின்றாள்.

"ஏழு ஹாட்டிஷ், ஆர்டிஸ். பாதியத் தின்னே தீத்துட்ட."

"கண்ணு இன்னும் சரியாகலையே, வெர்னா. உங்களோடதை மட்டும் விட்டுட்டுப் போங்களேன்."

அந்தப் பாத்திரத்துக்குச் சிவப்பு மூடி. ஆர்டிஸ் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நேத்தைவிடக் கொஞ்சம் சிவந்திருக்கு."

வெர்னா குனிந்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது வாங்குனதுலேர்ந்தே இப்படித்தான்டி இருக்கு," என்றாள், சற்றுக் கோபமாக.