அழுகைக்கு முன்னால் இருந்த வார்த்தைகள்

பதினேழு வரி, அக்கா. மூன்று தடவை எண்ணிவிட்டேன், பதினேழேதான். எல்லாம் பாதியில் தொடங்குகின்றன. அம்மா அந்தக் கோப்பைச் சாயந்திரமே அனுப்பிவிட்டு, மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு பக்கத்து அறையில் தூங்குகிறாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். மெஷினில் மூன்று விரலைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் வழக்கு. கோர்ட்டில் அவர் பேசிய பதிவைக் கேட்டு அம்மாதான் டைப் செய்தாள். ஒவ்வொரு வரியும் சதுர அடைப்புக்குள் நேரத்தோடு தொடங்கும். பிறகு ‘கேள்வி’ அல்லது ‘பதில்’. அந்தப் பெண் இடையில் அழுதால், அதுவும் அடைப்புக்குள். இன்று மத்தியானம் கோர்ட்டுக் குமாஸ்தா போன் செய்து, அடைப்புகள் எதுவும் இல்லாத பிரதிதான் வேண்டும் என்றார்.

“இருநூறு பக்கம்டி! ஒவ்வொண்ணா அழிச்சா மிச்சமிருக்கிற மணிக்கட்டும் போயிடும்,” என்றாள் அம்மா.

“தள்ளும்மா. கம்ப்யூட்டருக்கு ஒரே வரி கட்டளை எழுதி முடிச்சுத் தரேன்.”

“வந்துட்டா பெரிய இஞ்சினியர். இதை வேற யாரும் தொடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்.”

“நான் யாரோவா?”

சிரித்துவிட்டு நாற்காலியைக் கொடுத்தாள். அவள் அப்போது கண்டிப்பாக மறுத்திருக்கலாம்.

நான் எழுதியது இவ்வளவுதான்: திறக்கும் அடைப்பு, புள்ளி, நட்சத்திரம், மூடும் அடைப்பு. புள்ளி என்றால் ஏதோ ஓர் எழுத்து. நட்சத்திரம் போட்டால் அப்படி எத்தனை வந்தாலும் சரி. இதற்குப் பொருந்துவதையெல்லாம் அழி என்று சொன்னேன். முதல் பத்து வரியைச் சரிபார்த்தேன். நேரம் மட்டும் அழகாகப் போயிருந்தது. அந்த வரிகளில் அவர் தன் பெயரையும் விலாசத்தையும்தான் சொல்கிறார். விலாசம் சொல்லும்போது யார் அழப்போகிறார்கள்?

“கெட்டிக்காரிடி நீ,” என்று அம்மா என் தலையில் தட்டினாள். கோப்பை அனுப்பினாள். அனுப்பியதும் வீட்டில் எந்தப் பிரதியும் இருக்கக்கூடாது என்பது விதி. பேச்சுப் பதிவையும் பழைய பிரதிகளையும் என் கண் முன்னாலேயே அழித்தாள்.

ராத்திரி பள்ளிக்கூடப் பயிற்சிக்காக அதே வரியை வேறொரு கோப்பில் ஓட்டினேன். ஒரே வரியில் இரண்டு அடைப்புகள் இருந்தன. இரண்டோடு நடுவில் இருந்ததும் காணோம். அந்த நட்சத்திரத்துக்கு அவ்வளவு பேராசை, அக்கா. முதல் மூடும் அடைப்பில் நிற்காது. வரியின் கடைசி அடைப்பு வரை விழுங்கிவிட்டுத்தான் நிற்கும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் முதலாவதிலேயே நின்றிருக்கும். வகுப்பில் சொன்னார்கள். நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கணினியில் கோப்பை அனுப்பிய மின்னஞ்சல் மட்டும் மிச்சமிருந்தது; அதைத் திறந்தேன். ‘பதில்’ என்ற சொல்லே இல்லாமல் நடுவில் தொடங்கும் வரிகள் பதினேழு. அந்தப் பெண் எங்கெல்லாம் அழுதாரோ, அங்கெல்லாம் அழுவதற்கு முன்னால் சொன்னது போய்விட்டது. அவற்றில் ஒன்று மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. டைப் செய்யும்போது அம்மா கையை நிறுத்தி, வாய்விட்டுப் படித்தாள்: “நிறுத்துங்கன்னு ரெண்டு தடவை கத்தினேன்.” பிறகு அழுகை. அதன் பிறகு, மெஷினை ஓட்டியவரைப் பற்றி, “அவர் நிறுத்தலை.” இப்போது கோப்பில் “அவர் நிறுத்தலை” மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பெண் கத்தவே இல்லை என்பதுதான் கம்பெனியின் வாதமே. நாளை பத்து மணிக்கு இதைப் படித்துத்தான் முடிவு சொல்லப்போகிறார்கள்.

மூலப் பதிவு குமாஸ்தாவின் அலுவலகத்தில் இருக்கிறது. யாராவது சொன்னால் காலையிலேயே மறுபடி கேட்டுச் சரிசெய்துவிடலாம். சொன்னால், பதினாலு வருஷமாக ஒரு பிழை வராதவளிடம் இது எப்படி வந்தது என்று கேட்பார்கள். அம்மாவுக்குப் பொய் வராது. சொல்ல ஆரம்பிக்கும்போதே காது சிவந்துவிடும். நம் வீட்டில் சம்பளம் அவளுடையது மட்டும்தான்.

சொல்லாவிட்டால் யாருக்குமே தெரியாது, அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பெண் இரண்டு தடவை கத்தினார். அது கோப்பில் இல்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இரண்டு முறை அம்மாவின் கதவு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், வலிக்கிற கையை மார்பில் வைத்துக்கொண்டு. எழுப்பட்டுமா?