கதவிடுக்கில் ஒரு நாணயம்

கவெண்ட்ரியில் லெனார்ட் பிக்ஸ்பியின் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் பத்தொன்பது வருடமாகக் கராஜில் நிற்கிறது. அதற்குமுன் ஓடியது ஒன்பதே நாள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதன் அடிச்சட்டம் சரியாகாவிட்டால் கராஜ் தக்காளிச் செடிகளுக்கு என்று மனைவி முரியல் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். தொட்டிகள் வந்து வாசலில் காத்திருந்தன. அன்று ஞாயிறு.

கூரையில்லாத காருக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டம்தான் முதுகெலும்பு. கதவுக்கு நேர்கீழே இரண்டடிக்குத் துரு தின்றிருந்தது. அதை வெட்டியெடுத்துப் புதுத் துண்டைப் பற்றவைக்க வேண்டும். வெட்டும்போது நடுப்பகுதி தொய்ந்து சட்டம் வளைந்துவிட்டால், கார் காயலான் கடைக்கு. அதனால் நடுவில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, கதவின் மேலிடுக்கில் ஒரு பவுண்டு நாணயத்தைச் செருகியிருந்தார் லெனார்ட். நாணயம் தளர்வாக நகரும்வரை சரி; இறுகினால் சட்டம் தொய்கிறது என்று அர்த்தம்.

நாணயத்துக்குக் காவல் முரியலின் அண்ணன் ஹொரேஸ். தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிறவர்.

காருக்கடியில் பொறி பறந்தது. "நகருதா மச்சான்?"

"அருமையா நகருது மாப்ளே."

பாதி வெட்டியாயிற்று.

"மாப்ளே, வேலையைக் கெடுக்கறேன்னு நினைக்கக் கூடாது. நாணயம் கொஞ்சம் சோம்பலா இருக்கு."

"சோம்பல்னா?"

"நம்ம முரியல் ஞாயித்துக்கிழமை எந்திரிக்கிற மாதிரி. எந்திரிப்பா, நேரமாகும்."

லெனார்ட் சிரித்துக்கொண்டே மேலும் வெட்டினார்.

"ஒரு டீ போடலாமா?" ஹொரேஸின் குரல் மெலிந்திருந்தது.

"இன்னும் ரெண்டு அங்குலம்தான்."

"இப்பவே குடிச்சா நல்லதுன்னு பட்டுது. வற்புறுத்தல."

எங்கோ இரும்பு முனகியது.

"நிறுத்துய்யா!"

பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்தியது. இருபத்தாறு வருடத்தில் ஹொரேஸ் கத்தி லெனார்ட் கேட்டதில்லை. வெட்டும் மிஷினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஜாக்கி நேராகத்தான் நின்றது. அதற்கடியில் வைத்த பலகை பிளந்து, மெல்ல மெல்ல உள்வாங்கிக்கொண்டிருந்தது. இரும்பையெல்லாம் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தவர், தோட்டத்திலிருந்து எடுத்து வந்த பலகையைத் தட்டவில்லை.

காரோடு வந்த பழைய ஜாக்கியை வெறுந்தரையில் வைத்துத் திருகினார். "இப்ப?"

"அசையல."

இன்னொரு திருகு. "இப்ப?"

இன்னும் அரைத் திருகு. இடுக்கு விரிந்து, ஹொரேஸின் விரலிலிருந்து நாணயம் நழுவி, தரையில் உருண்டது.

மாலைக்குள் புதுத் துண்டைப் பற்றவைத்தாயிற்று. முட்டுகளை எடுத்தார்கள். முரியல் வந்து ஒற்றை விரலால் கதவைத் தள்ள, எங்கும் உரசாமல் டக்கென்று மூடியது.

"காலைல கத்தினது யாரு?"

"ரேடியோ," என்றார்கள் இருவரும்.

"சரி, தொட்டியெல்லாம் எங்க வைக்கிறதாம்?"

"உங்கண்ணன் வீட்டுல இடம் கிடக்கே," என்றார் லெனார்ட்.

ஹொரேஸ் வாசலில் இருந்த பதினெட்டுத் தொட்டிகளையும் பார்த்தார்.

"ஒண்ணும் சிரமமில்லை," என்றார்.