சுத்த சைவ எண்ணெய்

துவைக்கப் போடும் என் கால்சட்டைப் பைகளில் மனைவி ஷர்மினிக்கு இதுவரை டோல் ரசீது, பாதி மென்ற சூயிங்கம், ஒரு தடவை உயிரோடு ஒரு பல்லி எல்லாம் கிடைத்திருக்கின்றன. பல்லியைப் பார்த்து, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி எட்டிப் பார்க்குமளவுக்குக் கத்தினாள். இந்த ஞாயிறு மதியம் ஒரு காலிக் கண்ணாடிப் புட்டி கிடைத்தது. அவள் கத்தவில்லை. புட்டியோடு நேரே என்னிடம் வந்தாள்.

"இது யாரோடது?"

"லோகேஸ்வரன் மாமாவோடது. முடிஞ்சிருச்சாம், இன்னொன்னு கேட்டாரு."

"அவருக்கு யாரு கொடுத்தா?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு என் முகமே பதில் சொல்லிவிடும்.

மாமா என் அக்கா யோகேஸ்வரியின் கணவர். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடப்பார். போன வருடம் மகள் பிரவீனா டெங்கியில் படுத்து, பிழைப்பாளா என்று இருந்தபோது, ஆஸ்பத்திரி வாசலிலேயே தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொண்டார். விரதம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே முதுகு பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையின் கூடு ஜெலட்டின், அது மாட்டிலிருந்து வருவதாயிருக்கும் என்று வாட்சப் குழுவில் யாரோ போட்டார்கள். மனிதர் அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

அங்கேதான் குடும்பத்தின் அறிவாளி உள்ளே நுழைந்தார். அதாவது நான்.

நண்பர்களோடு வடக்கு எல்லையைத் தாண்டி ஹட்யாய் போயிருந்தேன். அங்கே கடைத்தெருவில் கஞ்சாச் செடியின் எண்ணெய், தலைவலித் தைலம் மாதிரி கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்தது. ஏற்கெனவே இணையத்தில் இரண்டு கட்டுரையும் பாதிக் காணொளியும் பார்த்து முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன். வாங்கி வந்து மாமாவிடம் விளக்கினேன்: "ஒரே செடிக்குப் பொறந்த அண்ணன் தம்பி மாமா. அண்ணன் பேரு டிஎச்சி, அவன்தான் தலைக்கு ஏறுவான். தம்பி சிபிடி, பரம சாது, போதையே கிடையாது. இது தம்பி." பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லையில் எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பத்திரண்டு வயதில் தோன்றியிருக்க வேண்டும்.

அதே அண்ணன் தம்பி கதையை ஷர்மினியிடமும் எடுத்துவிட்டேன். ஸ்கூடாயில் ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை. தொழிற்சாலை ஆட்களின் சிறுநீரைச் சோதித்து முடிவு எழுதுகிறவளிடம் போய்.

"இணையத்துல படிச்சீங்க சரி. புட்டிய படிச்சீங்களா?"

விரலால் காட்டினாள். பொடி எழுத்தில் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்'.

"செடில உள்ளது எல்லாமே இதுல இருக்குன்னு அர்த்தம். உங்க அண்ணனும் இருக்கான். கொஞ்சம்தான். ஆனா தினமும் நாக்குக்கு அடியில விட்டா உடம்புல தங்கும். மூத்திரத்துல காட்டினாலும் காட்டும். வலிக்குக் குடிச்சாரா, கூத்தடிக்கக் குடிச்சாரான்னு டெஸ்ட்டுக்குத் தெரியாது."

"தம்பி மட்டும் இருந்திருந்தா?"

"அதுவும் இங்கயும் தப்பு, சிங்கப்பூர்லயும் தப்பு. மயக்காதுங்கறது வேற, சட்டம் விடும்ங்கறது வேற. அலமாக்! நாளைக்கு அவரு பாலம் தாண்டணுமேங்க! அங்க நிறுத்தி மூத்திரம் கேட்டா?"

புட்டியைத் திருப்பினேன். வாங்கும்போது நான் ஒன்றே ஒன்றைத்தான் தேடிப் பார்த்தேன்: பச்சை இலை போட்ட சைவ முத்திரை. கடைக்காரியிடம் தேன்கூடக் கலக்கவில்லையே என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். முருகனுக்கு விரதம் இருக்கிறவருக்குத் துளி அசைவம் கலக்காமல், சுத்த சைவமாகப் போதையை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான் அக்கா வீடு. போகிற வழியில் சமிக்ஞை விளக்கில் நின்று ஒரு பொய் தயாரித்தேன். கம்பெனிக்கு உங்க முதுகைப் பற்றித் தெரிந்துவிட்டது, லீவு போடுங்கள். அடுத்த விளக்கில் இன்னொன்று. எண்ணெயில் பூஞ்சை, வயிறு கெட்டுவிடும், லீவு போடுங்கள். இரண்டிலும் அவர் விரதம் பிழைத்தது. இரண்டிலும் நானும் பிழைத்தேன். அதனாலேயே இரண்டும் நன்றாக இல்லை.

மாமா கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து காவடிக்கு மயில் இறகு கட்டிக்கொண்டிருந்தார். தாடி அடர்ந்திருந்தது.

"வாடா ரூபன். கெடைச்சுச்சா?"

"மாமா, அது வந்து..."

"இங்க பாரேன்." எழுந்து நின்று, குனிந்து கால் விரலைத் தொட்டார். "போன மாசம் சிலுவார்ல கால நுழைக்கவே உங்கக்கா வரணும். இப்ப பாரு. எண்ணெய்னு நீ சொல்லுவ. நான் சொல்றேன், முருகன்டா. காவடி எடுக்கறியா, எடுன்னு சொல்லிட்டான்."

இப்படிச் சொல்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஒரு நகைச்சுவையோடு தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றும் வரவில்லை. அதனால் அப்படியே சொன்னேன். போதை தரும் சத்தும் அதில் இருந்தது, நான் பார்க்கவில்லை, நாளைக்குப் பாலம் தாண்டாதீங்க மாமா.

கையில் இருந்த இறகை அவர் தரையில் வைத்தார்.

"எனக்குத் தலை சுத்தலையேடா."

"கொஞ்சம்தான் மாமா. சுத்தற அளவுக்கு இல்ல. டெஸ்ட்ல மாட்டற அளவுக்கு இருக்கலாம்."

"அப்ப வலி போனது?"

"தெரியல மாமா" என்றேன். இந்த எண்ணெய் விஷயத்தில் எனக்குத் தெரியாது என்று நான் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கைப்பேசியை எடுத்து ஃபோர்மேனைக் கூப்பிட்டார். முதுகு, டாக்டரைப் பார்க்கணும், எத்தனை நாள் என்று தெரியாது என்றார். அந்தப் பக்கம் சீன மொழியில் ஏதோ சத்தம் வந்தது. "சாரி பாஸ், சாரி" என்று இரண்டு தடவை சொன்னார். நான் சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு காவடியில் அதுவரை கட்டிய இறகுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"மாமா, தெரியாம நடந்ததுதானே. முருகன் ஒண்ணும்..."

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். எனக்குத்தான் மனசு வராது. பங்குனி உத்திரத்துக்குப் பாத்துக்கலாம். விரதத்த முதல்லருந்து புடிக்கணும்." முடிச்சு ஒன்று இறுகிவிட்டது. பல்லால் கடித்து இழுத்தார். "பிரவீனாட்ட நான் சொல்லிக்கறேன். உங்கக்காட்ட நீ சொல்லு."

"நானா?"

"பின்ன? அண்ணன் தம்பி கதையெல்லாம் எனக்குச் சொல்ல வராதுடா."

உள்ளே அக்கா தைப்பூசத்துக்கு வரும் விருந்தாளிகளுக்காகக் கொண்டைக்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

"வாடா, உக்காரு. மாமா குனியறத பாத்தியா? நீ கொடுத்த எண்ணெய்தான்டா. ரொம்பப் புண்ணியம் உனக்கு."

உட்கார்ந்தேன். ஒரு பிடி கடலையை அள்ளிப் பொறுக்கத் தொடங்கினேன்.

"அக்கா," என்றேன்.