ஒன்பது ஊசிகளும் ஒரு சந்தனப் பொட்டும்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பௌர்ணமி அன்று மத்தியானம், கிரிவலத்துக்கு வந்தவன், மஸ்தான் பாயின் லாட்ஜ் வரவேற்பறையில் பையோடு காத்திருந்தேன். எந்த அறை யாருக்கு என்பது லாட்ஜின் கம்ப்யூட்டர் சர்வருக்கு மட்டும்தான் தெரியும். அது காலையிலேயே படுத்துவிட்டது. என்னைச் சுற்றி நாற்பது பேர்.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'மாடிப்படிக்குக் கீழே, இருட்டில், ஓர் இயந்திரம் மூச்சு வி—' (வேண்டாம். அது வெறும் ஃபேன் சத்தம்.)

ரேவதியிடமிருந்து தொடங்குவதுதான் மரியாதை. பக்கத்து வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து லாட்ஜின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். "மெட்ராஸ்லேர்ந்து ஆள் எதுக்கு பாய், நானே பாத்துக்கிறேன்" என்று போன மாதம்தான் வேலையை உறுதி செய்துகொண்டாள். இன்று சர்வர் எழுந்திருக்காவிட்டால் அந்த வேலை போய்விடும்.

சர்வரின் திரை செத்துவிட்டது, நெட்வொர்க்கும் இல்லை. மிச்சமிருந்தது பின்பக்கத்து சீரியல் போர்ட், ஒன்பது ஊசி உள்ள பழைய சாக்கெட். அதில் கேபிளைச் செருகி லேப்டாப்பில் இணைத்தால் சர்வரோடு எழுத்தில் பேசலாம். செருகினாள். கறுப்புத் திரை. இணைப்பின் வேகத்தை மாற்றிப் பார்த்தாள். அப்போதும் கறுப்புதான்.

3

'கேபிள் கெட்டிருந்தது' என்று இங்கே எழுதி அடித்துவிட்டேன். ரேவதி அப்படிப்பட்டவள் இல்லை. டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

பார்த்தாள். ஊசிகளுக்கு நடுவே காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

போன வாரம் ஆயுத பூஜை. பொரியும் பூசணிக்காயும் வருஷா வருஷம் பாய்தான் வாங்கித் தருவார். சர்வருக்குப் பொட்டு வைத்தது ரேவதி. முன்பக்கம் முழுக்கக் காற்றுத் துளை, சந்தனம் உள்ளே போய்விடும் என்று யோசித்து, யாருமே பயன்படுத்தாத இடமாகப் பார்த்து வைத்திருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?" பாய் குனிந்து கேட்டார்.

"கொஞ்சம் அழுக்கு பாய்."

"சந்தன வாசன வருதே."

"நல்ல அழுக்கு பாய்."

பல்துலக்கும் பிரஷ்ஷால்* தேய்த்து எடுத்தாள்.

(*நூற்றுப் பதினோராம் அறையில் யாரோ விட்டுப்போனது. இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.)

4

மறுபடி செருகினாள். திரை கறுப்பாகவே இருக்கிறது. ஆனால் சர்வர் தானாகப் பேசாது. ஒருமுறை எண்டர் தட்டினால்தான் வாய் திறக்கும். ரேவதியின் விரல் எண்டர்மேல் நிற்கிறது. அவளுக்குப் பயமாக இருக்கிறது. "அண்ணாமலையாரே" என்கிறாள். பாயும் வாய்க்குள் ஏதோ ஓதுகிறார்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் சர்வர் எழுந்துவிடுகிறது. அங்கேதான் எனக்குச் சிக்கல்.

தொடக்கத்தில் ஒன்றை மறைத்தேன். நான் அறை பதிவு செய்யவே இல்லை. சர்வர் படுத்தது தெரிந்ததும், "இருநூத்தி நாலு, என் பேர்லதான் புக் ஆயிருக்கு" என்று பாயிடம் சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் நம்பி, டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்.

ஆகவே எண்டரை நான் தட்டப்போவதில்லை. அதற்காக அந்தப் பெண் எவ்வளவு நேரம்தான் விரலை வைத்துக்கொண்டே இருப்பாள்? நீங்கள் தட்டுங்கள். தட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பையை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துவிடுகிறேன்.