பதினேழாம் எண் வீட்டின் வெயில்

ஆறாவது வரிசையில் பதினேழாம் எண் வீட்டில் மட்டும், வீட்டுக்காரர் வேலையிலிருந்து திரும்பும்வரை பொழுது சாய்வதில்லை. குடியிருப்பு முழுவதும் இருட்டித் தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்த பிறகும், அந்த ஒரு வீட்டின் முன்சுவரிலும் படியிலும் வாசலை ஒட்டிய பாதித் தெருவிலும் மாலை ஐந்தே முக்கால் மணி வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கும். எட்டரை மணி ரயிலில் இறங்கி இருபது நிமிடம் நடந்து வரும் வீட்டுக்காரர் படியில் கால் வைத்து, செருப்பைக் கழற்றி, ஒரு டம்ளர் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு வெயில் போகும். மின்சார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து மீட்டரைப் பார்த்தார்கள். எதுவும் அதிகமாக ஓடவில்லை, திருட்டு இணைப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அத்துடன் அரசாங்கத்தைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

நகரத்துக்குள் வீடு வாங்க வக்கில்லாதவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. எல்லா வீடும் ஒரே அச்சு. குடித்துவிட்டு வந்தவர்கள் மட்டுமல்ல, குடிக்காதவர்களும் முதல் ஆறு மாதம் பக்கத்து வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் ஆண்களும் பெண்களும் தங்கள் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கு மட்டும் தினமும் மாலை கிடைப்பதென்றால் அடிவயிறு எரியாமல் இருக்குமா? எல்லோருக்கும் எரிந்தது. ஆனால் வெயில் சும்மா கிடக்கிறதே என்று ஈரத்துணியைக் கொண்டுவந்து பதினேழின் கொடியில் காயப்போட்டுவிட்டு, மற்றவர்கள் எரிச்சலை ஒருவாறு தணித்துக்கொண்டார்கள். பதினாறாம் எண் லிஃப்ட்காரரால் மட்டும் அது முடியவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பதினேழாம் எண்காரர் அவருக்குச் சகலை. நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை அறுத்துப் பொருத்துபவர். லிஃப்ட்காரரின் மச்சினியைக் கட்டியவர். இப்படியொரு குடியிருப்பு வருகிறது என்று கண்டுபிடித்ததும், சகலையைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டியதும் லிஃப்ட்காரர்தான். மூத்தவர் என்பதால் வீட்டை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்கே தரப்பட்டது. ரயில் நிலையத்துக்கு முப்பது அடி கிட்டே என்று அவர் பதினாறை எடுத்துக்கொண்டு பதினேழைச் சகலைக்குத் தள்ளினார். இப்போது இருவரும் ஒரே ரயிலில் வந்து, ஒன்றாக நடந்து, தெரு திரும்புகையில் அந்த முப்பது அடிதான் அவருக்கு முள்ளாகத் தைத்தது. பகல் முழுவதும் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் வேலை செய்பவர் அவர். தன் இருட்டு வாசலில் நின்று சாவியைத் துழாவும்போது, பக்கத்து வாசலில் அவரைவிட நான்கு வயது இளையவர் வெயிலில் கண் கூச நடந்து போவார். படியில் உட்கார்ந்திருக்கும் மச்சினி எழுந்து பையை வாங்கிக்கொள்வாள். பொழுது சாய்கிற நேரத்தில் படிக்கு வந்தால் கணவர் வரும்வரை அவள் எழுந்திருக்க மாட்டாள். சுத்தச் சோம்பேறி என்று அக்காளே சொல்லுவாள். லிஃப்ட்காரர் வீட்டில் அந்தச் சோம்பேறித்தனம் இல்லை. எனக்காக யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம், கதவைச் சாத்திச் சாப்பிட்டுப் படுங்கள் என்று குடிவந்த மாதமே அவர் உத்தரவு போட்டிருந்தார்.

முதல் வருடம் அவர் எல்லை நெடுகத் தகரம் அடித்தார். வெயில் தகரத்தின் அந்தப் பக்கமே நின்றது, இந்தப் பக்கம் பகல் வெளிச்சமும் போயிற்று. இரண்டாம் வருடம் அகால வெயிலால் சுவர் வெடிக்கும் என்று குடியிருப்புச் சங்கத்தில் மனுக் கொடுத்தார். சங்கத் தலைவரின் போர்வை அப்போது பதினேழின் கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் வருடம் ரயிலில் சகலைக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதை நிறுத்தினார். சகலை அதைக் கவனிக்காமல், முதல் பெட்டிக்கு ஓடிப்போய் இருவருக்கும் சேர்த்து இடம் பிடிக்க ஆரம்பித்தார். இப்படி நல்லவராக இருப்பவர்மேல் பொறாமைப்படுவது இரட்டிப்பு வேலை என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

நான்காம் வருடம்தான் படம் வந்தது. லிஃப்ட்காரருக்கு ஒரே மகள், ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டால் அவளுக்குச் சித்தியின் படிதான் எல்லாம். வீட்டுப்பாடமும் விளையாட்டும் அந்த வெயிலில்தான். 'எங்கள் வீடு' என்று பள்ளியில் வரையச் சொன்னதற்கு அவள் பதினேழு என்று எண் போட்டு ஒரு மஞ்சள் வீட்டை வரைந்திருந்தாள். வாசலில் அம்மா, சித்தி, சித்தப்பா, தான். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்த லிஃப்ட்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா எங்கம்மா?"

மகள் வீட்டுக்கு வெளியே கறுப்பாகத் தீட்டியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதோ, இங்க. இருட்டுல வர்றீங்க, அதான் தெரியல."

அன்று அவர் சாப்பிடவில்லை. அந்த வெயிலை ஒழித்தே தீருவது என்று முடிவு செய்தார். அதன் சட்டம் அவருக்கு அத்துப்படி: சகலை வரும்வரை நிற்கும், வந்தால் போகும். ஆகவே சகலை பொழுதோடு வீடு வந்துவிட்டால், வெயிலும் எல்லா வீட்டு வெயிலையும்போல ஒழுங்காக மறைந்தாக வேண்டும். ரயில் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு கண்ணாடிக் கடை திறக்கவிருந்தது. அதன் முதலாளியின் நகரத்துக் கட்டடத்தில் லிஃப்டைப் பார்த்துக்கொள்பவர் லிஃப்ட்காரர்தான். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே முதலாளி ஒருமுறை மாட்டிக்கொண்டபோது வெளியே எடுத்துவிட்டவரும் அவரே. ஒரு வார்த்தை சொன்னார். சகலைக்கு வேலை கிடைத்தது. ஐந்து மணிக்குக் கடை மூடினால் ஐந்தரைக்குள் வீடு. சகலை கண் கலங்கி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்கண்ணே!" என்றார். குடியிருப்பே லிஃப்ட்காரரின் பெருந்தன்மையைப் பேசியது. அவர் வாழ்நாளில் செய்த ஒரே சதி அது, அதற்குத்தான் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது.

கணக்கு தப்பவில்லை. முதல் நாளே பதினேழில் எல்லா வீட்டையும்போல இருட்டியது. துணி காயவில்லை என்று ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு ஜனங்கள் மறந்தார்கள். லிஃப்ட்காரர் மூன்று இரவுகள் நிம்மதியாகத் தூங்கினார். நான்காம் நாள் ரயிலில் பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவரின் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தபோதுதான், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அவருக்கு உறைத்தது. முன்பு சகலைக்குக் கிடைத்தது ஒரு டம்ளர் தேநீர் அளவு மாலை. இப்போது முழு மாலையையும் எடுத்துக் கையில் கொடுத்தாகிவிட்டது. சகலை செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், கதவுக்கு வர்ணம் அடித்தார், லிஃப்ட்காரரின் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அந்தச் சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டியவர் நகரத்தில் ஏதோ ஒரு குழிக்குள் எண்ணெய்க் கையோடு நின்றார். அழவேண்டும்போல இருந்தது. இவ்வளவு வெட்கங்கெட்ட அழுகைக்கு இடம் போதாது என்று அடக்கிக்கொண்டார்.

பின்சீட்டை யாரும் பிடிக்காமலே ஓட்ட வந்துவிட்ட அன்று, அப்பாவுக்குக் காட்டிவிட்டுத்தான் தூங்குவேன் என்று மகள் சைக்கிளோடு பதினாறின் படியில் உட்கார்ந்தாள். அப்பா படுக்கச் சொல்லியிருக்கிறார் என்று அம்மா அதட்டினாள். மகள் கேட்கவில்லை. அன்றிலிருந்து பத்து நாளும் அப்படியே உட்கார்ந்து, அவர் வருவதற்குள் கைப்பிடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அவரும் பத்து நாளும் தூக்கி உள்ளே போட்டார்.

பதினோராம் நாள் தெரு திரும்பியவர் வெயிலைக் கண்டார். கண்டதும் பழைய எரிச்சல் கிளம்பியது. மறுபடியும் அவனுக்கே ஆரம்பித்துவிட்டதா என்று பல்லைக் கடித்தார். பிறகுதான் கதவுகளை எண்ணினார். பதினாறு. மறுபடி எண்ணினார். பதினாறேதான். அந்தச் சுவர் வெளிர்பச்சை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் வேலையாக அவர் பதினேழைப் பார்த்தார். இருட்டில், கதவில் சாய்ந்தபடி சகலை நின்றுகொண்டிருந்தார்.

"குடுத்து வச்சவருண்ணே நீங்க" என்றார் சகலை. குரல் லேசாகக் கம்மியிருந்தது. நான்கு வருடம் ஏங்கிய அந்தக் கம்மலைக் கேட்டு லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்தது. சகலையின் முகம் எப்படிப் போகிறது என்று இருட்டுக்குள் கண்ணை இடுக்கி ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களாப்பா?"

திரும்பினார். வெயில் கிடந்த பாதித் தெருவில் மகள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, மூச்சு வாங்க, சைக்கிளோடு நின்றிருந்தாள். அன்று தூங்காமல் காத்திருந்து, அவர் தெரு திரும்பியதும் ஓட்டி முடித்திருந்தாள்.

"பாத்தேன்" என்றார்.

"எத்தன சுத்து?"

சகலை இருட்டிலிருந்து கை நீட்டி மூன்று விரலைக் காட்டினார். அதைப் பார்த்தும் அந்த எண்ணிக்கையை வாங்கிக்கொள்ள லிஃப்ட்காரருக்கு மனம் வரவில்லை.

"பாக்கலம்மா" என்றார். "அப்பா வேற எங்கயோ பாத்துட்டேன். இன்னொரு தடவ ஓட்டு."

படியேறித் தேநீரைக் குடித்து முடித்தால் இருட்டிவிடும் என்பது நினைவுக்கு வர, பையைத் தோளில் இருந்து இறக்காமல் தெருவிலேயே நின்றார். அவள் ஓட்டினாள். அவர் வாய்விட்டு எண்ணினார். பதினான்கு சுற்று முடிந்து அவளாக "போதும்ப்பா, கால் வலிக்குது" என்ற பிறகுதான் படியேறினார். அன்றைக்குத் தேநீரை மிக மெதுவாகக் குடித்தார்.

மறுநாள் குடியிருப்பின் ஈரத்துணியெல்லாம் பதினாறின் கொடிக்கு மாறியது. தகரம் இடைஞ்சலாக இருக்கிறது என்று சங்கத்திலிருந்து வந்து கழற்றிப் போனார்கள். கொடியில் முதலாவதாகத் தொங்கியது சகலையின் சட்டை. வேலைக்குக் கிளம்பும்போது லிஃப்ட்காரர் அதை மட்டும் வெயில் எட்டாத கடைசி ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அதுவும் காய்ந்துவிட்டிருந்தது.