பிளேட்டுக்குள் மஞ்சள்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் செல் வளர்க்கும் பிளேட், கண்ணாடிச் சாமான் எல்லாம் கழுவுகிறவள் தமயந்தி. தொண்ணூற்றெட்டு மாசி மாதத்தில் ஒருநாள், ஆராய்ச்சி மாணவி சௌம்யா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி ஒரு கூச்சல் போட்டாள். "தமயந்தியக்கா, மஞ்சள்ல இருந்து பிரிச்செடுத்ததை ஊத்தினேன். வாய்ப் புற்று செல்லு, பிளேட்ல ஒண்ணுகூட உயிரோட இல்ல!"

சந்தோஷத்தில் சொன்ன பேச்சுதான். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தமயந்தியின் புருஷன் அர்ஜுனனுக்கு நாக்கோரத்தில் புண். புற்றுதான் என்று உறுதியாகி, முப்பது நாளைக்குக் கரண்ட் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தேதியும் கொடுத்திருந்தார்கள். கதிர்ச் சிகிச்சைக்கு நம் ஜனங்கள் வைத்த பேர் கரண்ட். எவன் வைத்தானோ, அவன் நாசமாய்ப் போக! அர்ஜுனன் தெருவிளக்குக் கம்பங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். கூட்டாளி ஒருவன் கம்பத்திலேயே கரண்ட் அடித்துச் செத்ததைக் கண்ணால் பார்த்தவன். "வாய்க்குள்ள கரண்ட் வுடுவானுங்களா? நான் வரமாட்டேன்" என்று ஸ்ரீராம்புரம் வீட்டில் ஒரே பிடிவாதம்.

மஞ்சள் என்றதும் இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வேளாவேளைக்கு இழைத்து நாக்கில் தடவினாள், பாலில் கலந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரித் தேதி தாண்டிப் போனது. சௌம்யாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவர்களிடம் வீட்டுக் கதையைக் கொண்டுபோகக் கூச்சம், பாவிக்கு.

ஆடியில் கழுத்தில் கட்டி புடைத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் கேட்டாள். சௌம்யா வெலவெலத்துப் போனாள்.

"ஐயோ அக்கா, பிளேட்ல இருக்கறது வெறும் செல்லு. மனுஷன் இல்லையே. வாயில சாப்பிட்டா ரத்தத்துல துளிகூட ஒழுங்காச் சேராது. அது மருந்தாகுமான்னே இன்னும் யாருக்கும் தெரியாது. ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"தினம் கழுவறேன், எனக்கு அது தெரியலையே மேடம்" என்றாள் தமயந்தி.

சௌம்யாவே கூட வந்து ஆஸ்பத்திரியில் நின்றாள். ஒரு வாரம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் தமயந்தியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நுரையீரலுக்குப் போயிடுச்சும்மா. இனிமே கரண்ட் வெச்சுப் பிரயோஜனமில்ல. வலிக்கு மாத்திரை தர்றேன்."

வெளியே பெஞ்சில் அர்ஜுனன் காத்திருந்தான். "இன்னா சொன்னாரு?" என்று குழறினான்.

"கரண்ட் வேணாமாம்." மாத்திரைச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் முகம் மலர்ந்தது. எச்சில் ஒழுக, நாக்குப் புரளாமல், அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "பாத்தியா, மஞ்சளுக்கே கேட்டுடுச்சு."